பாவம் பார்த்துப் போட்ட கோடுகள்

அந்தப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சருக்கு விசில் என்று பெயர். வைத்தது ஒன்பதாம் வகுப்பு. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஆனால் மைதானத்தில் அவள் தலை தெரிந்ததும் "விசில் வருதுடி" என்று ஒரு குரல் கிளம்பும், மரத்தடியில் சாய்ந்திருந்தவர்கள் எல்லாம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுவார்கள். அவளுக்கும் தெரியும். இதைவிட மோசமான பெயரெல்லாம் அங்கே புழக்கத்தில் இருந்ததால் கண்டுகொள்ளவில்லை.

அவளுக்கு எரிச்சல் மூட்டியது வேறு. வாரத்தில் மூன்று நாள், ஆறாவது பீரியட், ஒன்பதாம் வகுப்புக்கு உடற்பயிற்சி என்று கால அட்டவணையில் போட்டிருக்கும். போட்டிருக்கும், அவ்வளவுதான். மணி அடிப்பதற்கு முன்னாலேயே கணக்கு டீச்சர் வராந்தாவில் வந்து நிற்பாள்.

"ஒரே ஒரு பீரியட் குடுங்க டீச்சர். நீங்க என்ன, சும்மா ஓடத்தானே விடப் போறீங்க?"

சும்மா! அந்த வார்த்தையைக் கேட்டாலே விசிலுக்குப் பற்றிக்கொண்டு வரும். இவள் சும்மா ஓட விடுகிறாளாம், அந்த அம்மா மட்டும் மலையைப் புரட்டுகிறாளாம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் தலைமை ஆசிரியையின் அறைக்கே போய்விட்டாள். வகுப்பு மூன்றாவது மாடியில் இருக்கிறது. பதினாலு வயதுப் பெண்கள் இரண்டாவது மாடிக்குள்ளேயே பையைப் போட்டுவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு வாரம் யாரும் கைவைக்காமல் என் பீரியடை எனக்கு விடுங்கள் என்று கேட்டாள்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. ஆரம்பத்துல ஒரு டெஸ்ட் வைங்க, கடைசியில ஒரு டெஸ்ட் வைங்க. முன்னேற்றம் இருக்குன்னு பேப்பர்ல காட்டினா அந்தப் பீரியட் உங்களுக்கே. இல்லைன்னா மொத்தமா கணக்குக்குக் குடுத்துடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

டெஸ்ட் எளிமையானதுதான். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள். ஒரு விசிலுக்குக் கிளம்பி அடுத்த விசிலுக்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். போகப் போக விசில் சீக்கிரம் சீக்கிரமாக வரும். இரண்டு தடவை பின்தங்கினால் வெளியே. அதற்கான சத்தம் அவளுடைய செல்போனில் இருந்தது. பள்ளி ஸ்பீக்கர் வழக்கம்போல் வாயைத் திறக்க மறுத்ததால், போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு ஒவ்வொரு பீப்புக்கும் அவளே ஊதினாள். பதினாறு பேர் ஓடினார்கள். ஆளுக்கொரு தோழி மரத்தடியில் உட்கார்ந்து, தொட்ட கோட்டுக்கு ஒரு பென்சில் கோடு போட்டாள். பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். யார் எப்போது நின்றாள் என்று பார்க்க விசிலுக்கு ஏது நேரம்? காதும் மூச்சும் போனோடு கட்டுண்டு கிடந்தன.

முதல் நாள் ஆமை அழுதுவிட்டாள். ஆமை என்பது அந்தப் பெண் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். மற்றவர்கள் வைப்பதற்கு முன்னால் முந்திக்கொண்டாள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதவளுக்கு, வாயாடி என்று ஊரறிந்த அவள் தோழிதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

பன்னிரண்டு வாரத்தில் முப்பத்தாறு பீரியட் வர வேண்டும். கைக்கு வந்தது இருபத்து மூன்று. ஆண்டுவிழா ஒத்திகை, மருத்துவ முகாம், மழை, அப்புறம் கணக்கு டீச்சரின் "இன்னிக்கு மட்டும்". பெண்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு திங்கட்கிழமை பதினோரு பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்று வலி வந்தது.

"ரொம்ப ஓடினா கால் தடிச்சுடும்னு எங்க சித்தி சொன்னாங்க மிஸ்."

"உங்க சித்தியையும் நாளைக்குக் கூட்டிட்டு வா. அவங்களையும் சேர்த்தே ஓட விடறேன்."

கத்தி, கெஞ்சி, கேலி பண்ணி, ஸ்கிப்பிங் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டு, அவளும் கூடவே ஓடி, ஐந்தாவது வாரத்தில் ஏதோ ஒன்று நடந்தது. நடந்துகொண்டிருந்தவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். எட்டாவது வாரத்தில் ஆமை, "இன்னொரு ரவுண்டு போகட்டுமா மிஸ்?" என்று கேட்டாள். விசில் அந்தப் பக்கம் திரும்பி நின்றபடியே ஊதினாள்.

கடைசி டெஸ்ட் முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற தன் அறையில், காற்றுப் போன பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்து கூட்டினாள். முதல் டெஸ்டில் சராசரி முப்பத்து நாலு கோடு. இப்போது முப்பத்தொன்று. மறுபடி கூட்டினாள். அதே முப்பத்தொன்று. ஆமைக்கு அன்றைக்கு முப்பது, இன்றைக்கு இருபத்தாறு.

கண்ணால் பார்த்தது பொய்யா? மறுநாள் மைதானத்தில் முப்பத்திரண்டு பேரையும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஏமாற்றினீர்களா, வேண்டுமென்றே நின்றீர்களா, என் பிழைப்பு உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். கடைசியில் வாயாடி கையைத் தூக்கினாள்.

"மிஸ், தப்பு இப்ப இல்ல. முதல் டெஸ்ட்லதான்."

"என்னடி சொல்ற?"

"அன்னிக்கு இவ பதிமூணுலயே நின்னுட்டா மிஸ். உக்காந்து அழுதா. பாக்கவே பாவமா இருந்துச்சு. அதான் முப்பதுன்னு போட்டேன்." திரும்பிப் பார்த்தாள். "நான் மட்டும் இல்ல மிஸ். எல்லாருமே அவங்கவங்க ஃப்ரெண்டுக்குப் போட்டோம்."

முப்பத்தொரு தலைகள் கவிழ்ந்தன.

"சரி, இந்தத் தடவை மட்டும் ஏன் போடல? அந்தப் பாவம் எங்க போச்சு?"

"இந்தத் தடவை நிஜமாவே ஓடினாங்களே மிஸ். அதுல போய்ப் பொய்யைச் சேர்க்க மனசு வரல."

விசிலுக்கு அவளை அடிப்பதா அணைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பதிமூன்றிலிருந்து இருபத்தாறு. இரண்டு மடங்கு! எந்தப் பேப்பரில் காட்டுவது இதை?

அறைக்குத் திரும்பினாள். முதல் டெஸ்ட் தாள்கள் மேஜைமேல் கிடந்தன. எல்லாம் பென்சில். ரப்பரும் பக்கத்திலேயே இருந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒவ்வொரு தாளிலும் பத்துப் பதினைந்து கோடுகளை அழித்துவிடலாம். அழித்தால் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் என்பதுதான் கொடுமை. ரப்பரைக் கையில் எடுத்தாள். வாயாடிக்கு வராத மனசு தனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? இழுப்பறையில் எறிந்து மூடினாள்.

தலைமை ஆசிரியை முழுக்கக் கேட்டார். சிரிக்கக்கூட இல்லை.

"முதல் டெஸ்ட்டே பொய்ன்னா, முன்னேற்றம்னு எதை வெச்சும்மா சொல்றீங்க?"

"மேடம், நீங்களே வந்து ஒரு நாள் பாருங்க. அந்தப் பொண்ணு ஓடறதை..."

"பாத்தா போதுமா? மேல கேட்டா நான் எதைக் காட்டுவேன்? திங்கக்கிழமையிலருந்து அந்தப் பீரியட் கணக்குக்கு."

அந்த அம்மாள் சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். யாராவது அநியாயமாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை ஆறாவது பீரியடுக்கு மணி அடித்தது. விசில் தன் அறையில் உட்கார்ந்து, யாருக்கும் வேண்டாத ஸ்கிப்பிங் கயிறுகளுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். கீழ்த்தள நூலகத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு கிளம்பி வருவது கேட்டது. தலைக்குமேல் படிகள் அதிர்ந்தன. முதல் மாடி. பேச்சு நிற்கவில்லை. இரண்டாவது மாடி. ஒரு பைகூடத் தரையில் விழவில்லை, யாரும் உட்காரவில்லை. வாயாடி ஏதோ கதை அளந்துகொண்டே ஓட, ஆமை சிரித்துக்கொண்டே ஓடினாள். சிரிக்கவும் ஓடவும் சேர்த்து மூச்சு இருந்தது அவளுக்கு. விசில் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

மூன்றாவது மாடியிலிருந்து கணக்கு டீச்சரின் குரல் இறங்கியது.

"எதுக்குடி இப்படி ஆம்பளைப் பசங்க மாதிரி ஓடி வர்றீங்க? அடக்கமா நடந்து வாங்க!"

மேலே கால்கள் தயங்கின. ஓட்டம் நடையானது. சிரிப்பு நின்றது. பன்னிரண்டு வாரம், இருபத்து மூன்று பீரியட், அத்தனையும் ஒரு அதட்டலில் படி படியாக அடங்குவதை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கை தானாகக் கழுத்தில் தொங்கிய விசிலுக்குப் போனது. வகுப்பு நேரத்தில் கட்டடத்துக்குள் விசில் ஊதக் கூடாது என்று சுற்றறிக்கை உண்டு. நாளைக்கு விளக்கம் கேட்டு ஓலை வரும். வரட்டும்.

ஓங்கி ஊதினாள்.

மேலே அத்தனை கால்களும் ஒன்றாக ஓடின.