பேர் மட்டும்தான் அக்கா

...பேர் மட்டும்தானே, பேரைக் கொடுப்பதால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ரயிலில் வரும்வரை சியோக் ஹூன் சமாதானமாகத்தான் இருந்தாள், இந்தச் சட்ட அலுவலகக் குளிரில் உட்கார்ந்த பிறகுதான் கால் தானாக ஆடத் தொடங்கியது. பக்கத்தில் தம்பி கெங் வீ, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருக்கும் மனைவியோடு போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் பிறந்து, ராணுவத்தில் தேசிய சேவையும் முடித்து, பிறகு குடிமக்களுக்கான அந்த இளஞ்சிவப்பு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியக்காரனாகிப் போனவன்... இப்போது கட்டோங்கில் வீடு வாங்க வேண்டுமென்றால் அவன் வெளிநாட்டான், விலையில் பாதிக்கும் மேல் கூடுதல் வரி. அக்கா வாங்கினால் அந்த வரி இல்லை. அக்காவிடம் அட்டை இருக்கிறது. வேறு என்ன இருக்கிறது அக்காவிடம்? பிடோக்கில் ஒரு வாடகை அறை, மீன் பொரிக்கக் கூடாது என்று சொல்லும் வீட்டுக்காரி, பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் ஒரு நாற்காலி. அம்மா படுக்கையில் விழுந்தபோது தூக்கி உட்காரவைத்ததும் துடைத்துவிட்டதும் அவள்தான், அம்மா போனதும் வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்றவன் இவன்... கேட்டது நியாயம்தான், அவனும் பிள்ளைதானே, அப்போது ஏன் அவள் வாயைத் திறக்கவில்லை?

போனை வைத்துவிட்டு அவன் திரும்பினான். “ஏன்க்கா இப்படிக் காலை ஆட்டுற? பேர் மட்டும்தான். அப்புறம் மாத்திக்கலாம்.”

“அதுக்குள்ள நான் செத்துப்போனா?”

“உயில் எழுதிக்கலாம். அதையும் விசாரிச்சு வச்சிட்டேன்.”

விசாரித்து வைத்திருக்கிறான், அவள் சாவைக்கூட. அவள் எங்கே இருப்பாள் என்பதை மட்டும் யாரிடமும் விசாரிக்கவில்லை. வழக்கறிஞர் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று காலையில் காப்பிக் கடையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தான், தேங்காய்ப்பால் காயா ஜாம் தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டே, உன் சேமிப்பு என்று சொல், மிச்சம் தம்பி அன்பளிப்பு என்று சொல். அவளும் தலையாட்டினாள்... எப்போதும்போல.

கதவு திறந்தது. அவனும் கூடவே எழுந்தான். வழக்கறிஞர் திருமதி ஒலிவெய்ரோ அவனை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார், வாங்குபவரிடம் தனியாகப் பேச வேண்டுமாம். உள்ளே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார், இன்னொருவருக்காகத் தன் பேரில் வாங்குவது வரி ஏய்ப்பு, சிறைவரைக்கும் போகலாம், பிறகு அவள் தனக்கென்று ஒன்று வாங்கினால் அது இரண்டாவது வீடு, அதற்கும் கூடுதல் வரி உண்டு. இதெல்லாம் தம்பிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும்...

“கேக்குறது என் கடமைம்மா. இந்த வீட்டை யாருக்கு வாங்குறீங்க?”

“எனக்கு.”

கையெழுத்துப் போட்டாள். சீனத்தில் போடுவதா ஆங்கிலத்தில் போடுவதா என்று ஒரு கணம் தடுமாறினாள், அவ்வளவுதான். வெளியே வந்ததும் அவன் பின்னாலேயே லிஃப்டுக்குள் வந்தான்.

“என்ன சொன்ன?”

“எனக்குன்னு சொன்னேன்.”

அவன் சிரித்துவிட்டான். “பரவாயில்லையே, நல்லாத்தான் பொய் சொல்ற.”

பொய் சொன்னால் அவளுக்குக் குரல் நடுங்கும், சின்ன வயதிலிருந்தே, அம்மா அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள், அவனுக்கும் தெரியும், மறந்திருப்பான்... உள்ளே நடுங்கவில்லையே. லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது, அவன் போனில் மனைவிக்கு முடிந்துவிட்டது என்று தட்டிக்கொண்டிருந்தான், கொஞ்சம்கூட நடுங்கவில்லையே என்று அவள் மறுபடியும் நினைத்துக்கொண்டாள்.