கோணமூக்கனின் கடைசிக் குத்து

அலோசியஸ் இடது கையால் சிலுவை போட்டதற்காகச் சாமியார் அவன் காதைப் பிடித்துத் திருகியபோது அவனுக்கு முப்பது வயது. கல்யாணமும் ஆகியிருந்தது. கோயிலே சிரித்தது என்று அவன் பெண்சாதி பவுலின் என்னிடம் வந்து சொன்னாள். சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது.

"இந்த மனுசனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுண்ணே. வலது கைன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டாரு" என்றாள்.

கிறுக்குதான். அதற்குக் கோணமூக்கன் என்று பெயர். அமெரிக்காவில் சினிமாவில் நடிக்கிறவன். அசல் பெயர் எங்கள் வாயில் நுழையாது. மூக்கு ஒரு பக்கமாக வளைந்திருக்கும், ஆகவே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் அவன் கோணமூக்கன். கிறிஸ்மஸ் முடிந்து வந்த படத்தில் அவன் குத்துச்சண்டைக்காரன். கடைசியில் முகமெல்லாம் ரத்தமாக நிற்பவன், இடது கையால் ஒரே ஒரு குத்து விடுவான். எதிரே நின்ற தடியன் வேரோடு சாய்வான். அதைப் பார்த்த மறுநாள் அலோசியஸ் லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டான். கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் கழித்த தேயிலையை அதில் அடைத்திருந்தான். வேலை விட்டு வந்ததும் இடது கையால் குத்து, குத்து, ஓயாத குத்து. முட்டியில் தோல் உரிந்து சாக்கு முழுக்க ரத்தக் கறை. அடுத்த காம்பராவில் குடியிருந்த எனக்கு அந்தச் சத்தத்தில்தான் பொழுது சாயும்.

நாங்கள் படம் பார்த்த இடம் தொரைமார் கிளப். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துத் தொரைமார் எல்லாம் சனிக்கிழமை அங்கே கூடுவார்கள். கிளப் மண்டபத்தின் ஒரு பக்கம் சுவரில்லாமல் புல்தரையைப் பார்த்துத் திறந்திருக்கும். அந்தத் திறப்பில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டிப் படம் ஓட்டுவார்கள். தொரைமாரும் தொரைசாணிமாரும் உள்ளே பிரம்பு நாற்காலியில். நாங்கள் வெளியே, துணிக்குப் பின்னால், ஈரப் புல்லில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு. அதுவரை வர எங்களுக்கு அனுமதி உண்டு. படம் பின்பக்கமும் தெரியும், எங்களுக்கு அது போதும். எழுத்து புறம்மாறித் தெரிந்தால் என்ன, நேராகத் தெரிந்தாலும் எங்களுக்கு அது வெறும் கோலம்தான். படத்தில் ஆளுக்கு ஆள் இடது கைக்காரர்களாக இருந்ததுகூட அதிசயமாகப் படவில்லை. வெள்ளைக்காரன் காகிதத்தால் துடைக்கிற சாதி, அவனுக்கு எந்தக் கையானால் என்ன என்று விட்டுவிட்டோம்.

பங்குனி பிறந்தால் அலோசியசுக்குக் கிறுக்கு இன்னும் முற்றும். ஆஸ்கார் பரிசு கொடுக்கிற மாதம் அது. இந்த வருஷம் யார் யார் பெயர் போட்டிக்குப் போயிருக்கிறது என்று பங்களாவில் சமைக்கிற செல்லசாமி தொரைசாணியின் பத்திரிகைகளைப் பார்த்து வந்து சொல்லுவான். வேதக்காரர்களுக்கு அது தவக்காலம். மற்றவர்கள் ஆண்டவருக்காக ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தார்கள். அலோசியஸ் கோணமூக்கனுக்காக இருந்தான். முந்தின வருஷம் பரிசு வேறு ஒருத்தனுக்குப் போனபோது கோழிக்கூட்டை உதைத்து உடைத்தவன் அவன். அன்றைக்குக் குறுக்கே வந்த என் முழங்காலிலும் ஒரு உதை விழுந்தது. வலி போக ஒரு வாரம் ஆயிற்று.

இந்த முறை போட்டியில் கோணமூக்கனுக்கு எதிரே இருந்த நடிகர்களில் ஒருவன் மீசைக்காரன். மீசைக்காரனுக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு பக்தன் இருந்தான். லொறி டிரைவர் சிவசாமி. தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகிறவன், அங்கே தியேட்டரில் டிக்கட் எடுத்துப் படம் பார்க்கிறவன். அந்தப் பெருமை அவன் நடையிலேயே இருக்கும். இருவரும் எதிரே வந்தால் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

பரிசு அறிவிக்கிற நாளில் கடைத்தெருவில் இராமையாவின் தேத்தண்ணிக் கடை நிரம்பி வழிந்தது. ரேடியோவில் பாட்டை நிறுத்தச் சொல்லி இங்கிலீசுச் செய்தி வைக்கச் செய்திருந்தான் அலோசியஸ். யுத்தம், மந்திரி, மழை எல்லாம் முடிந்து கடைசியாக ஹொலிவூட் வந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கோணமூக்கனின் பெயர் அவனுக்குப் புரிந்தது. ஒரு கத்துக் கத்தினான் பாருங்கள், கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. இராமையாவை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். என்னைக் கட்டிப் பிடித்ததில் விலா எலும்பு நொறுங்கியதோ என்று பயந்தேன். அவன் அழுதான். தனக்கே யாரோ கிரீடம் வைத்தது மாதிரி அழுதான்.

"குடுத்துட்டாங்க மச்சான்! அந்த இடது கைக்குக் குடுத்துட்டாங்க!"

வாசலில் நின்ற சிவசாமி சிரித்தான்.

"எந்த இடது கைடா? அவன் வலது கையால குத்துறவன். நான் கொழும்புல முன்னால உக்காந்து பாத்தேன்."

சிவசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து விளக்குக்கு முன்னால் விரித்துப் பிடித்தான். பின்னால் ஒருத்தனை நிற்கவைத்து, முன்னால் விரலை ஆட்டிக் காட்டினான்.

"துணிக்குப் பின்னால நின்னு பாத்தா எடம் வலமா, வலம் எடமாத்தான் தெரியும். ஆஸ்கார் வாங்குனவன் வேற. நீ கும்புடுற எடது கைக்காரன் ஒலகத்துலயே இல்ல. கிளப்புக்குப் பின்னால ஈரத்துல குந்திக்கிட்டுப் பாக்குறவனுக்கு அவ்வளவுதான்டா கெடைக்கும்."

அலோசியஸ் பாய்ந்தான். பெஞ்சு இரண்டாக முறிந்தது. கொதிக்கும் கேத்தல் கவிழ்ந்து எவன் காலிலோ ஊற்றியது, அவன் அலறினான். அலோசியசுக்கு இருந்த பலத்துக்குச் சிவசாமியை ஒரு கையால் பிழிந்திருக்கலாம். ஆனால் அந்த மடையன் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் மட்டுமே அடித்தான். சிவசாமி வலது கையால் வாயில் விட்டான், மறுபடியும் விட்டான். அலோசியசின் இரண்டு பல் தரையில் கிடந்தது. கீழே விழுந்தவன் எழும்பிச் சிவசாமியின் காதைக் கடித்துத் தொங்கினான். பிரித்து எடுக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. காதில் ஒரு துண்டு திரும்ப வரவேயில்லை.

அதற்குப் பிறகு தோட்டமே இரண்டுபட்டது. இடது கை என்றவர்களும் வலது கை என்றவர்களும் தண்ணீர்ப் பீலியில் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். கோணமூக்கனின் முகத்தையே பார்த்திராத வேலாயிக் கிழவியின் மண்டையும் உடைந்தது. மலையில் கொழுந்து எடுக்கிற இடத்தில் கூடையைத் தூக்கி எறிந்தார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா, காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்று, அமெரிக்காக்காரன் கையைப் பற்றி இனி வாய் திறக்கிறவனுக்கு அரைநாள் சம்பளம் வெட்டு என்று கத்தினார்.

அலோசியஸ் மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. சாக்கைக் குத்தவும் இல்லை. ஒரு நாள் கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அவன் சொல்றது நெசமா இருக்குமா?"

"எந்தக் கையா இருந்தா என்ன? குத்து குத்துதான" என்றேன் நான். ஆறுதல் சொல்வதாக நினைப்பு.

அவன் எழுந்து என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினான். என் தலை கிர்ரென்றது.

"எந்தக் கைன்னுகூடத் தெரியாம நான் யாரடா கும்புட்டேன்? சொல்லு, யாரக் கும்புட்டேன்?"

பரிசு வாங்கிய படத்தைக் கொழும்பிலிருந்து மறுபடி வரவழைத்துப் பார்ப்பது அந்தக் கிளப்பின் வழக்கம். படப்பெட்டி ரயிலில் ஹட்டனுக்கு வந்து இறங்கிவிட்டது என்று செல்லசாமி வந்து சொன்னான். சனிக்கிழமை படம். அலோசியஸ் வெள்ளை வேட்டி கட்டித் தலைவாரிப் புறப்பட்டதைப் பார்த்ததும் பவுலினுக்கு விளங்கிவிட்டது. வாசலை மறித்து நின்றாள்.

"உள்ள போகப் போறீங்களா? தொரைமாரு சும்மா விடுவாங்களா? வேலையிலருந்து பேரு வெட்டிடுவாங்க. பத்துச்சீட்டக் குடுத்து லயத்த விட்டு வெரட்டுனா நாம எங்க போறது? இந்தியாவுல நமக்கு யாரு இருக்கா, இங்க நமக்கு என்ன உரிமை இருக்கு?"

"ஒரே ஒரு குத்துதான் பவுலின். முன்னால நின்னு அதப் பாத்துட்டு வந்துர்றேன்."

அவள் விறகுக் கட்டையை எடுத்து அவன் தோளில் ஓங்கிப் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். அவன் அசையாமல் வாங்கிக்கொண்டு, அவளை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

பாதிப் படம் வரை எங்களோடு புல்லில்தான் இருந்தான். சற்றுத் தள்ளிச் சிவசாமியும் காதில் கட்டோடு உட்கார்ந்திருந்தான், வேடிக்கை பார்க்க வந்தவன். கடைசிச் சண்டை தொடங்கியதும் அலோசியஸ் எழுந்தான். நான் வேட்டியைப் பிடித்து இழுத்தேன், கையைத் தட்டிவிட்டான். காவல்காரனைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தான். அடுத்த நிமிஷம் துணியில் ஒரு பெரிய நிழல் விழுந்தது. தொரைமார் பக்கம் முதுகைக் காட்டி, படத்தைப் பார்த்தபடி, நட்ட நடுவில் நின்றான் அலோசியஸ்.

உள்ளே கூச்சல் எழுந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. "கெட் அவுட்" என்று பெரிய தொரையின் குரல். அந்த நிழல் ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டியது.

"கொஞ்சம் பொறுங்க தொரை. இந்தா, இப்ப வந்துரும்."

நிழலுக்கு மேலே கோணமூக்கனின் முகம் தெரிந்தது. அவன் கை ஓங்கியது. எங்களுக்கு இடது கைதான். அதே நேரத்தில் துணியில் ஒரு தடியின் நிழலும் ஓங்கியது. இரண்டும் ஒன்றாக இறங்கின.

"வலது கை!" என்று உள்ளே அலோசியஸ் கத்தினான்.

தடி மறுபடி இறங்கியது. மறுபடியும் இறங்கியது. இன்னும் இரண்டு தொரைமார் வந்து பூட்ஸ் காலால் உதைத்தார்கள். மூணு மாதம் சாக்கைக் குத்திய கை அது. திருப்பி ஒன்று விட்டிருந்தால் பெரிய தொரையின் தாடை பெயர்ந்திருக்கும். அவன் கையைத் தூக்கவேயில்லை. படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பூண் போட்ட தடியின் நுனி வந்ததை அதனால்தான் அவன் பார்க்கவில்லை. ஒரு சத்தம் கேட்டது, மனுசச் சத்தமாகவே இல்லை. துணி டர்ரென்று கிழிந்தது. கிழிசல் வழியாக அவன் எங்கள்மேல் வந்து விழுந்தான். என் கம்பளி சூடாக நனைந்தது. இடது கண் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நான் வாந்தியெடுத்தேன்.

முதல் கல்லை எறிந்தது நான் இல்லை. சிவசாமி. அதற்குப் பிறகு யார் எறிந்தது, யார் எறியவில்லை என்று கணக்கே கிடையாது. கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு தொரையின் நெற்றி பிளந்தது. படம் ஓட்டிய மிஷினை யாரோ படியில் உருட்டிவிட்டார்கள். ஹட்டனிலிருந்து பொலிஸ் வந்து துவக்குப் பிடியால் எங்கள் முதுகுகளைப் பதம் பார்த்தது. "கவுத கெஹுவே?" என்று சார்ஜன்ட் ஒவ்வொருவனாகக் கேட்டார், யார் அடித்தது என்று. அடித்தவர் கிளப் படியில் தடியோடு நின்றார். அவரைக் கை காட்ட எங்களில் ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை.

அலோசியசின் பேரும் பவுலினின் பேரும் ஒன்றாக வெட்டுப்பட்டன. காம்பராவைக் காலி செய்யச் சொல்லி கங்காணி வந்து நின்றபோது பவுலின் அவன் முகத்தில் காறித் துப்பினாள். சட்டிபானையை என் காம்பராவில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் பார்க்கப் போன அன்று சிவசாமியும் வந்திருந்தான். பொலிஸ் அடியில் அவன் தலையிலும் கட்டு. கையில் தோடம்பழப் பை. கட்டிலருகே வந்து நின்றான். அலோசியசின் முகத்தில் பாதி துணிக்குள் இருந்தது. மிச்சமிருந்த ஒரு கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சிவசாமி அவன் பக்கம் குனிந்தான்.

"அலோசியஸ், நான் சொன்னது பொய்டா. கொழும்புல நான் பாத்தப்பயும் எடது கைதான். உன்ன வெறுப்பேத்தணும்னு மாத்திச் சொல்லிட்டேன். நீ கும்புட்டவன்தான் பரிசு வாங்குனவன். மனச விட்டுறாத."

நல்ல மனசோடுதான் சொன்னான். பவுலின்கூட அவனை நன்றியோடு பார்த்தாள். இப்படியாவது இந்த மனுசன் நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று எனக்கும் தோன்றியது.

அலோசியஸ் எழுந்து உட்கார்ந்தான். வலது கையை மடக்கி ஓங்கிச் சிவசாமியின் வாயில் விட்டான். பழமெல்லாம் சிதறி உருண்டது. சிவசாமி அடுத்த கட்டில்மேல் போய் விழுந்தான். அங்கே கிடந்த நோயாளி அலறினான், நர்ஸ் ஓடிவந்தாள். அலோசியசின் கட்டு நனைந்து கன்னத்தில் சிவப்பாக ஒழுகியது.

"எனக்கே பொய் சொல்றியா?" என்றான். "கண்ணக் குடுத்துட்டுப் பாத்துட்டு வந்துருக்கேன்டா. என்னத் திரும்பவும் துணிக்குப் பின்னால கொண்டுபோய் உக்கார வைக்கிறியா?"

சிவசாமி தரையில் உட்கார்ந்தபடி வாயைத் துடைத்தான். புறங்கையில் ரத்தம். அதைப் பார்த்தான், பிறகு அலோசியசைப் பார்த்தான்.

"இல்லடா" என்றான். "வலது கைதான். நீ முன்னால நின்னு பாத்தவன்."