மேல் வரிசைக் கண்ணாடி

அதிகாரி பாஸ்போர்ட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தார். இரண்டாம் முறை புரட்டினால் விசா முளைத்துவிடுமா என்ன? புத்தம் புதிய பாஸ்போர்ட். ஒன்றோடொன்று ஒட்டியிருந்த தாள்களை அவர் நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் பெரியவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் இரண்டே பேர்தான். அவள் பெரியவள், தம்பி சின்னவன்.

"விசா எங்க மேடம்?"

"பழைய பாஸ்போர்ட்ல இருக்கு. ஆயுசுக்கும் செல்லுற விசா."

"அந்தப் பழைய பாஸ்போர்ட் எங்க?"

அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கடல் கடந்து, அவள் வீட்டுப் படுக்கையறை அலமாரியில், மடித்து வைத்த போர்வைகளுக்கு அடியில் இருந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய பிறகு, பிறந்த நாட்டுக்கு வந்துபோக ஆயுளுக்குமாக ஒரு விசா ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒட்டிய பாஸ்போர்ட் காலாவதியாகி, மூலையைக் கத்தரித்துத் திருப்பித் தந்தபோது, இது செத்த பாஸ்போர்ட்தான், ஆனால் உள்ளே இருக்கிற விசாவுக்கு உயிர் இருக்கிறது, பயணம் போகும்போது இரண்டையும் கையோடு கொண்டு போங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். முந்தின நாள் தம்பி போன் செய்து, அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பு என்றபோது அவள் கை புதியதைத்தான் எடுத்தது. மூலை வெட்டுப்பட்ட ஒன்றை அந்த நேரத்தில் யாருக்குத் தொடத் தோன்றும்? விமானம் ஏறும் இடத்தில் விசாவின் படத்தைப் போனில் காட்டினாள். அங்கிருந்த பெண் இவள் அழுது வீங்கிய முகத்தைப் பார்த்த அளவுக்குப் படத்தைப் பார்க்கவில்லை. ஏற்றிவிட்டாள்.

இங்கே படம் எடுபடவில்லை. அதிகாரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிப் பார்த்தார். விசா உண்மையானதுதான், ஆனால் அசல் கையில் இல்லாமல் உள்ளே விட வழியில்லை என்றார். குரலில் அதட்டல் இல்லை. அதட்டியிருந்தால் கெஞ்சியாவது பார்த்திருக்கலாம்.

"எங்கப்பா காலையில இறந்துட்டாரு. இறங்கி போனைத் தொறந்ததும்தான் தெரியும்."

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். உட்கார்ந்தபடி கேட்கக்கூடாத செய்தி என்று நினைத்தாரோ என்னவோ. மேலதிகாரியிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி, அவளை ஒரு பக்கமாக இருந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனார்.

நாற்காலிக்கு எதிரே தரையில் மஞ்சள் கோடு ஒன்று ஓடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்டிகள் சுற்றிவரும் பட்டை, அதற்கும் அப்பால் வெளிக்கதவு. அது திறந்து மூடும்போதெல்லாம், யாரையோ எதிர்பார்த்து நிற்கிறவர்களின் கால்கள் தெரிந்தன. அவள் பிறந்து வளர்ந்த ஊர் அந்தக் கால்களிலிருந்து ஆரம்பித்தது. நாலு விரல் அகலத்துக்குப் பெயின்ட். சின்ன வயதில் பாண்டி ஆடும்போது இதைவிடப் பெரிய கோடுகளைத் தாண்டியிருக்கிறாள். ஆனால் விமானம் விமானமாக வந்திறங்கிய கூட்டம் மொத்தமும், கோட்டு சூட்டுப் போட்டவர்கள் முதல் கைக்குழந்தைக்காரிகள் வரை, அதன் முன்னால் வந்து அடங்கி ஒடுங்கி நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயத்தை விடப் பிரமிப்பே அதிகமாக இருந்தது.

அப்பா இந்த விமான நிலையத்துக்கு வந்துபோகிற பஸ்ஸை ஓட்டியவர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை அதே தடம்தான். டிப்போவில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். பச்சை விளக்கையே ஒரு சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அவர் புண்ணியத்தில் விமானத்தைக் கோட்டைவிட்டவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தலாம் என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். ஊரில் பாதிப் பேரை விமானத்தில் ஏற்றிவிட்ட மனிதர் ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க வாங்க என்று அவள் ஒருமுறை கூப்பிட்டு, வீட்டுப் பத்திரம் வரை எல்லாக் காகிதமும் வைத்து விசாவுக்கு விண்ணப்பித்தாள். இவர் திரும்பிச் செல்வார் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட அப்பா, போனில் வெகுநேரம் சிரித்தார். தெனம் ஏர்போர்ட்டுக்குப் போயிட்டுத் தெனம் திரும்பி வர்றவன், என்னைப் பாத்தா இந்தச் சந்தேகம் வந்துச்சு என்றார்.

அதிகாரி திரும்பி வந்தபோது அவர் நடையிலேயே பதில் தெரிந்துவிட்டது. அவசர விசா தருகிற அலுவலகத்துக்கு இன்றும் நாளையும் விடுமுறையாம். மேலதிகாரி இரண்டு பெரிய இடங்களுக்குப் பேசிப் பார்த்தாராம். வந்த விமானக் கம்பெனியே இரவு விமானத்தில் அவளைத் திருப்பி அழைத்துப் போகும், அதுவரை உள்ளே ஒரு அறையில் இருக்கலாம். சொல்லி முடித்துவிட்டு, தண்ணி குடிக்கிறீங்களா மேடம் என்று கேட்டார்.

அறையில் சோபா இருந்தது, கடிகாரம் இருந்தது, ஜன்னல் இல்லை. அவள் தம்பியைப் போனில் கூப்பிட்டாள். பின்னால் ஒரே பேச்சுச் சத்தம். சின்னவன் எடுத்த எடுப்பில், வெளிய வந்துட்டியாக்கா, கார் அனுப்பியிருக்கேன், உனக்காகத்தான் வச்சிருக்கோம், பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும் என்று மூச்சுவிடாமல் சொன்னான். அவள் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான தவறு என்று அவளுக்கே உறைத்தது. கண்ணாடியை மறந்துவிட்டு வருவது போல, குடையை மறந்துவிட்டு வருவது போல.  தம்பி திட்டக்கூட இல்லை.

பிறகு போன் கை மாறிய சத்தம் கேட்டது. அம்மா.

"பெரியவளே, உள்ள விடமாட்டாங்களாமா?"

"மாட்டாங்கம்மா."

அம்மா அழுவாள் என்று அவள் மனதைக் கெட்டியாக்கிக்கொண்டு காத்திருந்தாள். அம்மா அழவில்லை. கறிக்கடையில் எலும்பு இருக்கா என்று விசாரிக்கிற குரலில் ஒன்று கேட்டாள்.

"அங்க ஜன்னல் இருக்கா?"

இதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்துவிட்டாள். வாசலில் நின்ற அதிகாரியைப் பார்த்து, ரோட்டைப் பார்த்த மாதிரி இங்கே எங்கேயாவது ஜன்னல் உண்டா என்று கேட்டாள். எதுக்கு மேடம் என்றார் அவர். சொன்னாள்.  அவர் மறுபடியும் மேலதிகாரியிடம் போனார். இந்தத் தடவை ஓடினார்.

வீட்டில் நடந்ததையெல்லாம் தம்பி விட்டு விட்டுப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். சித்தப்பாதான் முதலில் குதித்தாராம். மயானம் ஒரு திசை, ஏர்போர்ட் எதிர்த் திசை, செத்தவரைக் கூட்டிக்கிட்டு ஊர்சுற்றப் போறீங்களா, நாலு பேர் என்ன சொல்லுவாங்க என்றாராம். அவரு தெனம் போன தடம்தானே, வழி தெரியாதா என்று அம்மா ஒரே போடாகப் போட்டிருக்கிறாள். ஐம்பது வருஷமாக அந்தக் குடும்பத்தில் சித்தப்பாவை எதிர்த்து அம்மா வாய் திறந்ததில்லை. அவர் திகைத்துப் போய் உட்கார்ந்துவிட்டார். அமரர் ஊர்தி எதிர்த் திசைக்கு வராது என்று கையை விரித்துவிட்டதாம். அதற்குள் டிப்போவிலிருந்து வந்திருந்தவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு எழுந்து போனார்கள். போனவர்கள் பஸ்ஸோடு வந்தார்கள்.

"எந்த பஸ்?"

"நம்ம பஸ்ஸுதான். நடுவுல சீட்டெல்லாம் கழட்டியிருக்காங்க. கெளம்பிட்டோம்க்கா."

அதிகாரி அவளை ஒரு நீண்ட நடைவழியாகக் கூட்டிப்போனார். மேல்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கீழே பஸ் நிறுத்தம். மாலை வெயில் எதிரே இருந்த வாகன நிறுத்தத்தில் முழுக்கப் பரவிக் கிடந்தது. சத்தம் எதுவும் உள்ளே வரவில்லை. அதிகாரி தயங்கித் தயங்கி, வெளியில இருந்து பாத்தா இந்தக் கண்ணாடி கறுப்பாத்தான் தெரியும் மேடம், ஆள் தெரியாது என்றார். அவள் பரவாயில்லை என்று தலையாட்டினாள்.

அவள் எதிர்பார்த்தது ஒரே ஒரு பஸ். வளைவில் முதலில் திரும்பியதும் அதுதான். முகப்பு விளக்கு எரிய, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. டியூட்டி முடித்துத் திரும்பிய பஸ்கள், டியூட்டிக்குப் போகிற பஸ்கள், வேறு தடத்து எண் போட்டவை, எல்லாம் பகல் வெளிச்சத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வளைவில் திரும்பின. எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள். இந்த மனிதர் வீட்டில் டி.வி. ரிமோட்டைக்கூடத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளாதவர். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர். அவருக்குப் பின்னால் இத்தனை பஸ்களா?

அப்பாவின் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றது. சின்னவனும் காக்கிச் சட்டைக்காரர்களும் அப்பாவைக் கிடத்தியிருந்த திறந்த பெட்டியை இறக்கினார்கள். நிழற்கூரைக்கு அடியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தவர்கள், கூரை மறைக்கிறது என்று கண்டுகொண்டு, தூக்கிக்கொண்டு நடு ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். செக்யூரிட்டி ஒருவர் விசிலும் கையுமாக ஓடிவந்தார். ஒரு டிரைவர் அவரிடம் ஏதோ சொன்னார். அவர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பின்னால் வந்த கார்களைக் கை காட்டி நிறுத்த ஆரம்பித்தார். தோளில் இருந்த பெட்டியைக் கால்மாட்டுப் பக்கம் மெல்ல மெல்லத் தாழ்த்தினார்கள். முகம் மேலே வந்தது.

அவ்வளவு உயரத்திலிருந்து மூக்கு, நெற்றி, வெள்ளைத் தாடி என்று தனித்தனியாக எதுவும் தெரியவில்லை. ஆனால் அது அப்பா. தூக்கிப் பிடித்திருந்தவர்களின் கைகளில் பெட்டி பாரத்தால் ஆடுவது தெரிந்தது. அவர்கள் இறக்கவில்லை. அவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்பா, அப்பா என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

போன் அடித்தது. கீழே பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா காதில் போனை வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். எவ்வளவு குள்ளமாக இருந்தாள் அம்மா.

"எந்தக் கண்ணாடிம்மா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கே."

"மேல் வரிசை. நடுவுல, தூணுக்குப் பக்கத்துல."

அம்மா முகத்தைத் திருப்பினாள். வேறொரு தூணுக்குப் பக்கத்தில், வெகு தூரத்தில் இருந்த ஒரு கண்ணாடியில் அவள் பார்வை போய் நின்றது.

"இதுவா?"

"ஆமாம்மா. அதுதான்."

"அப்பா தெரியுறாரா?"

"நல்லாத் தெரியுறாரும்மா."

அம்மா அந்த வேற்றுக் கண்ணாடியை உற்றுப் பார்த்தபடி நின்றாள். கையை உயர்த்தி, வெயிலுக்கு மறைப்பாகக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் நீ நல்லாத் தெரியுற," என்றாள். "எளைச்சுப் போயிட்ட. ஒழுங்கா சாப்பிடு."

 பக்கத்தில் நின்ற அதிகாரி, லிஃப்டிலிருந்து வெளியே வந்தவர்களை அந்தப் பக்கமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே யாரோ அம்மாவின் தோளைத் தொட்டார்கள். பெட்டி இறங்கியது, பஸ்ஸுக்குள் போனது. அம்மா ஏறுவதற்கு முன் ஒருமுறை திரும்பி, அதே தவறான கண்ணாடிக்குக் கையசைத்தாள். இவளும் கையசைத்தாள்.

பஸ் நகரத் தொடங்கிய நேரத்தில், வருகை வாசலிலிருந்து ஒருவர் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். பயணக் களைப்பில் கசங்கிய சட்டை. அவருக்கு ஒன்றும் தெரியாது. பஸ் எண்ணைப் பார்த்துக் கையைக் காட்டினார். பஸ் நின்றது. கதவு திறந்தது. அந்த ஆள் படியில் ஒரு கால் வைத்தவர் உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பின்வாங்கி இறங்கப் போனார். உள்ளேயிருந்து சின்னவன் குனிந்து அவரிடம் ஏதோ சொன்னான். பிறகு கீழே இறங்கி, அவருடைய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான்.