பலாமரத்துக்கு வைத்த காவல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. பாடுபட்டு வீட்டைக் கட்டுவார்கள், தரைக்கு மாபிள் பதிப்பார்கள், கதவுக்கு வார்னிஷ் அடிப்பார்கள். எல்லாம் முடிந்ததும் பூட்டிவிட்டு, எங்கேயோ கடற்கரையில் போய் மரத்தில் ஏறிப் படுத்துக்கொள்வார்கள். குரங்கு சும்மா செய்கிற வேலை. இவர்கள் காசு கொடுத்துச் செய்கிறார்கள்.

வத்தேகம சின்னமுத்து இதை மகள் நிஷாந்தினியின் முகத்துக்கு நேரேயே சொன்னார். அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு முதல் சந்தேகம். கண்டியில் அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருக்கிறவள், ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுக்கிறவள், இன்றைக்குச் சிரித்துக்கொண்டு, "பொத்துவில் பக்கம்ப்பா. மரத்து மேல வீடு. நீங்களும் வாங்க, அவசரமே இல்லாம மூணு நாள் சும்மா இருந்துட்டு வருவோம்" என்கிறாள்.

சும்மா இருக்க இங்கேயே முடியுமே, அதற்கு எதற்குப் பொத்துவில் என்று கேட்டார். அவள் புருஷன் சுதேஷ், கெலிஓயாவில் ஃபோன் கடை வைத்திருக்கிறவன், கார் சாவியை விரலில் சுற்றியபடி முற்றத்துப் பலாமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அது இரண்டாவது சந்தேகம்.

சின்னமுத்து பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் படித்தது நிறைய. துரை கூப்பிட்டு அன்பாகப் பேசினால், பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்று அர்த்தம். தேர்தல் காலத்துச் சோற்றுப் பார்சலில் முட்டையும் இருந்தால், பெரிதாக எதையோ பிடுங்கப் போகிறார்கள் என்று அர்த்தம். தோட்டத்து லய வீட்டை விட்டு வந்து, வத்தேகம சந்தையில் மூட்டை தூக்கி, கடைசியில் இந்தச் சரிவில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அவருடைய ஆட்களில் அதற்கு முன்னால் சொந்த மண்ணில் கால் வைத்தவன் ஒருவனும் இல்லை.

அந்த மண்ணின் மேல்கோடியில்தான் பலாமரம் நிற்கிறது. போன பெருமழையில் சரிவு கொஞ்சம் இறங்கி, எல்லைக்கல் மண்ணோடு உருண்டு போய்விட்டது. அவருடைய நிலம் எங்கே முடிகிறது, மேலே ஹாஷிம் நானாவின் நிலம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இப்போது மரம் ஒன்றுதான் சாட்சி. மரம் போனால் வேலி ஒரு முழம் கீழே வரும். மறுவருஷம் இன்னொரு முழம் வரும். வேலிக்குக் கால் உண்டு என்பது சின்னமுத்துவின் கட்சி.

மகளுக்கோ மரத்தைக் கண்டாலே பயம். பெரிய கொப்பு ஒன்று அவருடைய படுக்கைக்கு மேலே சாய்ந்து நிற்கிறது, வெட்டுங்கள் வெட்டுங்கள் என்று மழை நாளிலிருந்து நச்சரிப்பு. ஹாஷிம் நானாவும் வேலியோரம் நின்று அதையே சொன்னார். இரண்டு பேர் ஒரே பேச்சைப் பேசினால் அதற்குள் மூன்றாவது பேச்சு ஒன்று இருக்கும்.

ஆகவே, தன்னைக் கூட்டிக்கொண்டு போவது மரத்தை வெட்டத்தான் என்று முடிவுகட்டினார். மறுத்தால் வேறு நாள் பார்ப்பார்கள். கிளினிக்குக்குப் போகிற நாளில் வேலையை முடித்துவிடுவார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காவலுக்கு வழி தேடினார்.

வீட்டுக்காரி போன பிறகு அம்மிக்கும் குழவிக்கும் வேலை இல்லை. குசினிக்குப் பின்னால் கிடந்தன. புறப்படுவதற்கு முதல் நாள் பொழுது சாயும் நேரம் குழவியைத் தூக்கிக் கழுவி, மரத்தடியில் நிமிர்த்தி நட்டார். மஞ்சள் பூசி, மூன்று விரலால் திருநீறு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். மகளின் பழைய சிவப்புப் பாவாடை ஒன்றைக் கிழித்து மரத்தைச் சுற்றிக் கட்டினார். "நான் வர்ற வரைக்கும் காவல் இரு" என்று அதட்டுகிற மாதிரி ஒரு வார்த்தையும் சொல்லி வைத்தார்.

மரத்தடியில் முனி உட்கார்ந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் எவன் வாளை வைப்பான்? தமிழன் வைக்கமாட்டான். சிங்களவனும் வைக்கமாட்டான். ஹாஷிம் நானா வைக்கவும் மாட்டார், கும்பிடவும் மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். தானே கழுவி நட்ட குழவி மேல் சின்னமுத்துவுக்கு நம்பிக்கை எப்படி வரும்? அவர் நம்பியது மற்றவர்களின் பயத்தை.

வீட்டுச் சாவியை ஹாஷிம் நானாவிடமே கொடுத்தார். பூனையையே பாலுக்குக் காவல் வைத்தால், பால் குறைந்ததும் யாரைக் கேட்பது என்று தேட வேண்டியதில்லை.

கார் ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி, பதினெட்டு வளைவில் இறங்கி, மஹியங்கனைச் சமவெளியில் ஓடியது. மலையைப் பாருங்கள், மயிலைப் பாருங்கள் என்று மகள் காட்டிக்கொண்டே வந்தாள். சின்னமுத்து பார்த்ததெல்லாம் சுதேஷின் ஃபோனைத்தான். அது துடித்தபோதெல்லாம் அவன் கவிழ்த்து வைத்தான்.

மரவீடு, கடல்நீர் உள்ளே வந்து தேங்கிய ஒரு களப்பின் ஓரத்தில், பெரிய மருத மரத்தின் கிளைகளுக்கு நடுவே இருந்தது. பலகைத் தரை, ஓலைக் கூரை, கம்பிவலை ஜன்னல். குளிக்கிற இடத்துக்குக் கூரையே இல்லை. கூரை போட மறந்துவிட்டார்களா என்று அவர் கேட்டதற்கு, வானத்தைப் பார்த்துக் குளிக்கத்தான் அப்படி என்றார் அந்த இடத்தைக் கவனிக்கிற ஹுதைபா. வானம் திருப்பிப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்றார் சின்னமுத்து. ஹுதைபா அதை நல்ல பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். சின்னமுத்து பகிடிக்குக் கேட்கவில்லை.

ஏணிக்குக் கீழே நின்று மரத்தைத் தட்டிப் பார்த்தார். உள்ளே இரும்பு போல்ட்டுகளை இறுக்கியிருந்தார்கள்.

"பயப்படாம ஏறுங்க வாப்பா" என்றார் ஹுதைபா. "இந்த மரம் எத்தினையோ புயலைக் கண்டிரிக்கி."

"புயலக் கண்டிருக்கும். போல்ட்ட இப்பதானே காணுது."

ஆனாலும் ஏறினார். இங்கே அவசரம் கிடையாது, மணிக்கூடு கிடையாது, டிவி கிடையாது என்று ஹுதைபா பெருமையாகச் சொன்னார். கிடையாத சாமான்களுக்கு இவ்வளவு வாடகையா என்று சின்னமுத்து நினைத்தார். நிஷாந்தினி ஊஞ்சல் கட்டிலில் காலை நீட்டிப் படுத்து, களப்பில் கொக்கு நடப்பதைப் பார்த்தாள். கொக்கு ஒரு காலை எடுத்து வைத்துவிட்டு மற்றக் காலை யோசித்தது. காற்று வந்தால் வீடு முழுக்க மெல்ல முனகியது. மரங்களுக்கு அப்பால் கடல், பொய் சொல்கிறவன் மாதிரி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மகளின் முகம் இளகி, சின்னப் பிள்ளையாக இருந்தபோது இருந்த மாதிரி ஆனது. நடிப்பாக இருந்தால் நல்ல நடிப்பு.

மறுநாள் காலை ஹாஷிம் நானாவுக்குக் கோல் எடுத்தார். சிக்னல் ஏணியின் நடுப்படியில்தான் கிடைத்தது. ஒரு கையால் ஏணியையும் மறு கையால் ஃபோனையும் பிடித்துக்கொண்டு நின்றார். வீடு நல்லாயிருக்கு, மரமும் நிற்குது என்ற ஹாஷிம் நானா, கடைசியில் ஒன்று சொன்னார்.

"ஆள்கள்தான் வந்து வந்து போறாங்க முத்தண்ணே."

"எந்த ஆளுங்க?" என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் கிடைக்கவில்லை. ஆட்கள் எதற்கு வருகிறார்கள்? அளக்கவா? மரத்தை விலை பேசவா? காலைச் சாப்பாட்டுக்கு வந்த இடியப்பமும் மீன் சொதியும் அவருக்கு ருசிக்கவில்லை.

மத்தியானம் பலகைத் தரையில் பாயைப் போட்டுக் கண்ணை மூடிக் கிடந்தார். கீழே மர நிழலில் சுதேஷ் ஃபோனில் தணிந்த குரலில் பேசினான். மரவீட்டுத் தரையில் பலகைக்குப் பலகை இடைவெளி இருக்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை.

"மாமா இங்கதான் இருக்காரு. நாங்க வர முந்தி முடிச்சிருங்கன்னு தானே சொன்னேன்... ஏன் முடியாது? மெஷின் வாள் பழுதா?... என்ன சாமி? அங்க ஏது சாமி?"

சின்னமுத்துவுக்கு அந்தப் பயணத்தில் முதல் தடவையாகச் சந்தோஷம் வந்தது. எழுந்து உட்கார்ந்து, தேத்தண்ணீர் கேட்டு, ரெண்டு கரண்டி சீனி கூடுதலாகப் போட்டுக் குடித்தார். குடித்து முடித்துவிட்டுக் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"மாப்ள, மேல வாங்க. மரத்து மேல வீடு இருந்தா அழகு. வீட்டு மேல மரம் இருந்தா மட்டும் ஆபத்தா?"

சுதேஷ் ஏணியின் பாதியில் நின்றுவிட்டான். பேசியது நிஷாந்தினி.

"கொப்பு மட்டும்தான்ப்பா. மரத்தத் தொடச் சொல்லல. அந்தக் கொப்பு உங்க தலைக்கு நேரா நிக்குது. போன மழைக்கு நீங்க நல்லாத் தூங்கினீங்க. நான் கெலிஓயாவுல விடிய விடிய ஃபோனக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். கேட்டா விடமாட்டீங்க. அதான் கூட்டிட்டு வந்தோம்."

அவள் கண் கலங்கியிருந்தது. சின்னமுத்து அதையும் பார்த்தார். ஆனால் கொப்பில் தொடங்குகிற வாள் அடியில்தான் நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மேலே வேலிக்காரனும் இதில் சேர்த்தியா என்று கேட்டார். ஹாஷிம் நானாவுக்கு எதுவும் தெரியாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மறுபடியும் ஒரே பேச்சு.

மூன்றாம் நாள் முடியும் வரை அவர் காத்திருக்கவில்லை. விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு காரடியில் போய் நின்றார். கொக்கு இன்னும் அதே இடத்தில் நின்றது.

வத்தேகமவில் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே கற்பூர வாசம் வந்தது. வீட்டுப் படலைக் கதவுக்கு வெளியே வரிசையாகச் செருப்புகள். முற்றத்தில் பெண்கள். பலாமரத்தைச் சுற்றிப் புது மஞ்சள் கயிறுகள், எரிந்து முடிந்த ஊதுபத்திகள், உடைத்த தேங்காய் மூடிகள். குழவிக்குப் பட்டுத்துணி சுற்றி, அரளி மாலை போட்டிருந்தார்கள்.

வேலிக்கு மேல் நின்று ஹாஷிம் நானா நடந்ததைச் சொன்னார். மெஷின் வாளோடு ரெண்டு பேர் வந்தார்கள். மரத்தடிக்கு வந்ததும் வாளைக் கீழே வைத்து, கும்பிட்டு, தேங்காய் உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். போகிற வழியில் சந்தையில் சொல்லியிருக்கிறார்கள். அன்று பின்நேரமே பத்துப் பேர், மறுநாள் அதைவிடக் கூட.

"சாமி விஷயம் பாருங்க முத்தண்ணே. நானும் என்ட பக்கத்தால ரெண்டடி வுட்டுக் குடுத்துட்டன்" என்றார் அவர்.

அப்போதுதான் சின்னமுத்து கவனித்தார். மரத்தைச் சுற்றி மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். மேலே ஹாஷிம் நானாவின் பக்கம் இரண்டடி. கீழே, அவருடைய பக்கம், கயிறு குசினிச் சுவர் வரை வந்திருந்தது. தகரக் கொட்டகை ஒன்று போட வேண்டும், இனி உண்டியல் ஒன்று வைக்க வேண்டும் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. எந்த ஹாஷிம் நானாவாலும் பத்து வருஷத்தில் நகர்த்த முடியாத வேலியை முனி மூன்று நாளில் நகர்த்திவிட்டார்.

கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்கண்ணே" என்றாள் பரிமளம். நாலு வீடு தள்ளி இருக்கிறவள். விளக்கேற்றுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

நிஷாந்தினி குழவியை உற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காதோரம் வந்தாள். "அப்பா, இது அம்மாவோட கொழவி இல்லையா? மரத்துல கட்டின அந்தத் துணி..."

"வாய மூடு."

சொன்னால் போதும். இது அம்மிக் குழவி, அது பழைய பாவாடை என்று ஒரு வார்த்தை. எல்லாரும் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நாளைக்கே வாள் வரும். சொல்லாவிட்டால் மரம் நிற்கும். மரத்தைச் சுற்றிய மண் போகும். கயிற்றைத் தாண்டத் தூக்கிய காலை அவர் வெளியிலேயே வைத்தார்.

மருமகன் தலையைக் குனிந்துகொண்டு, இனி கொப்பில் கை வைக்க முடியாது, மாமாவின் கட்டிலையாவது முன்னறைக்கு மாற்றுவோம் என்று மனைவியிடம் முணுமுணுத்தான்.

பரிமளம் திருநீற்றுத் தட்டை நீட்டினாள். "என் கனவுல வந்தாருண்ணே. 'சின்னமுத்து வர்ற வரைக்கும் காவல் இருக்கேன்'னாரு. அதே வார்த்தை."

சின்னமுத்துவின் கை தட்டுக்கு மேலே நின்றுவிட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் தனியாகச் சொன்ன வார்த்தை அது. பக்கத்தில் ஒரு ஈ, காக்கை கிடையாது. குழவியைப் பார்த்தார். குங்குமத்துக்குக் கீழே யாரோ அதற்கு வெள்ளியில் இரண்டு கண் வைத்திருந்தார்கள்.

"என்கிட்ட சொல்லாம ஒன்கிட்ட எதுக்குச் சொன்னாரு?" என்று கேட்டார்.

"அது அவருக்குத்தான் தெரியும்."

சின்னமுத்து நிமிர்ந்து வேலிக்கு மேலே பார்த்தார். ஹாஷிம் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். வேலிக்கும் மரத்துக்கும் எத்தனை எட்டு என்று சின்னமுத்து கண்ணாலே அளந்தார். மெல்லச் சொன்னாலும் கேட்கும். அப்படியானால் ஹாஷிம் நானா கேட்டார், பரிமளத்திடம் சொன்னார், அவள் கனவு கண்டாள். கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் தன் பக்கத்திலும் இரண்டடி விட்டுக் கொடுத்தவருக்கு இதில் என்ன லாபம்? அந்த இடத்தில் கணக்கு இடித்தது. இடித்தாலும், ஒட்டுக் கேட்டிருக்கிறார்கள். வேறு வழியே இல்லை.

திருநீற்றை எடுக்கவில்லை. "கட்டில முன்னறையில போடுங்க" என்று மருமகனிடம் சொன்னார். "படலைய யாராவது பாத்துக்கணும்."

சொல்லிவிட்டு, செருப்புக் காலோடு கயிற்றுக்கு வெளியே சுற்றி, அந்த வாள்காரர்களையும் கேட்டுப் பார்க்க அவர் சந்தைப் பக்கம் நடந்தார். பின்னால் மணி அடித்தது. திரும்பிப் பார்க்கவில்லை.