அக்கா மலை ஏறுவதை எழுதப் பார்க்கிறேன்

1

இந்தக் கதை ஒரு பொறாமையில் தொடங்கியது. நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அதே அறையில் அக்கா, திரையில் ஒரு பனிமலை ஏறிக்கொண்டிருந்தாள். இடது கையால் மட்டும். மூன்று மணி நேரம் என் பக்கம் திரும்பவில்லை. எந்த நாவலும் என்னை அப்படிப் பிடித்துவைத்து வெகுகாலமாயிற்று.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

‘கிரேன் ஓட்டிய அக்காவின் வலது கை, பக்கவாதத்துக்குப் பிறகு…’ (வேண்டாம். பரிதாபம் முந்திக்கொள்கிறது.)

‘வீடியோ கேம் ஆட இதைவிட நல்ல காலம் வந்ததில்லை.’ (விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் உண்மை. இருக்கட்டும்.)

2

எங்கள் சிறுவயதில் விளையாட்டுக்கு இரண்டு கையும் வேண்டும், வேகமும் வேண்டும். இப்போது அதுவே நம்மிடம் கேட்கிறது: எந்தப் பொத்தான் எந்த விரலுக்கு? வேகத்தைக் குறைக்கட்டுமா? எழுத்து பெரிதாக வேண்டுமா? நான் என் வாசகரிடம் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. முகம் தெரியாத யாரோ, எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து, ஒற்றைக் கையோடு ஆட வருபவரை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

(இங்கே எழுந்துபோய் என் பழைய புத்தகம் ஒன்றின் எழுத்து அளவைப் பார்த்தேன்.)

3

அத்தான் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். ரொம்ப நல்லவர். அக்கா குளிக்கப் போன நேரத்தில் விளையாட்டில் ‘விழாமல் காக்கும்’ வசதியைப் போட்டுவிட்டார். அன்றே அவள் உச்சியைத் தொட்டாள். தொட்டதும் கையிலிருந்த விளையாட்டுக் கருவியைக் கீழே வைத்தாள்.

“இருபது வருஷம் கிரேன்ல உக்காந்தவ நான். கொக்கியில பாரம் இருக்கா இல்லையான்னு தெரியாதா? கால் வழுக்குது, ஆள் விழல. யார் வேலை இது?”

“நேத்து அழுதியே, அதான்…”

“விளையாடினா அழுவேன். சமையலறையில எல்லாத்தையும் கையிலேருந்து புடுங்கியாச்சு. மலைக்கும் வந்துட்டீங்களா?”

“சரி தாயே. எடுத்துடு.”

“போட்ட கை எடுக்கட்டும்.”

எடுத்தார். அவள் அடிவாரத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்த ஒன்றையாவது தானே செய்து முடிக்க வேண்டும் அவளுக்கு.

4

முடிவு அ: ஏறிவிடுகிறாள். (இது அத்தான் எழுதும் முடிவு.)

முடிவு ஆ: விழுகிறாள், விட்டுவிடுகிறாள். (இது என் வழக்கம். சோகம் என்றால் ஆழம் என்று ஒரு நினைப்பு.)

இரண்டிலும் அவள் கருவியில் வேறொருவர் கை இருக்கிறது. அடித்துவிட்டேன்.

இன்று பதினொரு முறை விழுந்தாள். இப்போது கடைசிப் பாறை விளிம்பில் நிற்கிறாள். கட்டைவிரல் பொத்தான் மேல் இருக்கிறது.

“எழுதறியாடா?”

“ம்.”

“நிறுத்து. வேணும்னா பக்கத்துல உக்காரு. வாயத் தொறக்காத.”

நிறுத்துகிறேன். உங்களுக்கும் இடம் இருக்கிறது, உட்காருங்கள். எதுவும் சொல்ல வேண்டாம்.