மிலுங்காவின் பட்டை

இன்று பதினான்காம் எண் அறையைக் காலி செய்தோம். மாலை வகுப்பை டான்யூப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். அலமாரிக்கு மேலே சுருட்டிக் கிடந்த பழுப்புத் தாள்களைத் தூசி தட்டிப் பிரித்தேன். அவற்றில் ஒன்று என் பழைய மாணவர் ரடிசாவ் வரைந்தது.

நான் பாடம் எடுக்கத் தொடங்கிய முதல் குளிர்காலம் அது. மாணவர்கள் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். ஒரு தொழிலுக்குக் கணினி அமைப்பு வடிவமைக்கும் முன், அங்கே வேலை எப்படி நடக்கிறது என்பதைப் படமாக வரைய வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் தாளின் குறுக்கே ஒரு பட்டை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி, முடிவெடுக்கும் இடத்தில் ஒரு சாய்சதுரம். சொல்லிக்கொடுப்பது சரிதானா என்ற சந்தேகத்தில் ஒவ்வொரு பாடத்தையும் வீட்டில் ஒருமுறை எனக்கே நடத்திப் பார்த்துக்கொள்வேன்.

ரடிசாவுக்கு நோவி சாட் நகரத்துப் பேருந்து நிறுத்தம் ஒன்றுக்கு எதிரே ஒரு பேக்கரி. கூடவே நடத்திய அக்கா மிலுங்கா, சண்டை போட்டுக்கொண்டு ஆஸ்திரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் இல்லாமல் ஒரு மாதம் தாங்க மாட்டாய் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அதன் பிறகு, தயிரோடு கையில் பிடித்துச் சாப்பிடும் புரேக் ரொட்டி ஒரு நாள் மிஞ்சும், மறுநாள் பத்தாது. கடையை வாங்க ஆள் தயாராக இருந்தது. கணினி வைத்துச் சமாளிக்க முடிந்தால் வைத்துக்கொள்வது, இல்லாவிட்டால் விற்றுவிடுவது. அதற்காகத்தான் வகுப்புக்கு வந்திருந்தார்.

அவர் படத்தில் ஒரு பட்டையின் தலைப்பு ‘மிலுங்கா’. பெயர் கூடாது, பொறுப்பை எழுதவும் என்று சிவப்புப் பென்சிலால் குறித்தேன். அடுத்த வாரமும் அதே பெயர்.

“அக்காவுக்கு என்ன பொறுப்புன்னு எழுதச் சொல்றீங்க டீச்சரம்மா? திட்டுறவங்கன்னு எழுதட்டுமா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று வீடு வரை யோசித்தேன்.

பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தப் பட்டையைப் பிரித்தோம். பெட்டிகள் சுலபமாக அவர் பக்கம் நகர்ந்தன. சாய்சதுரங்கள் மட்டும் அக்காவின் பட்டையிலேயே நின்றன. அடுத்த தட்டு புரேக்கை அடுப்பில் போடலாமா, வேண்டாமா? உள்ளே என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. விற்றுவிடலாம் போலிருக்கிறது என்றார். அக்காவைக் கேளுங்கள் என்றேன். மூன்று இடைவேளைகள் தட்டிக்கழித்தார். நான்காவதில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, நானும் கேட்கட்டும் என்று ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

“தட்டுக் கணக்க நீ எப்படிக்கா முடிவு பண்ணுவே?”

“என்னத்த முடிவு. எதிர பஸ் ஸ்டாப்பப் பாப்பேன். குடை தெரிஞ்சா பாதிதான். ஒரு கையில குடை, ஒரு கையில தயிர் டம்ளர். புரேக்க எந்தக் கையிலடா பிடிப்பான்?”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.”

“நீ எப்படா கேட்டே?”

வகுப்பு மறுபடி தொடங்கியும் அவர் ஃபோனை வைக்கவில்லை. சாய்சதுரங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. முதலாவதில் ‘குடை உண்டா?’ என்று எழுதியிருந்தார். அன்றுதான் பட்டையின் தலைப்பை அழித்து, ‘கடையைத் திறப்பவர்’ என்று மாற்றினார். தேர்விலும் தேறினார்.

இன்று தாளைச் சன்னலுக்கு நேரே பிடித்தபோது, அந்த எழுத்துகளுக்கு அடியில் பழைய பெயர் தெரிந்தது. பெயர் கூடாது என்ற விதி விதிதான். அடுத்த வகுப்பிலும் அதையேதான் சொல்வேன். தாளை மட்டும் குப்பையில் போட மனம் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் தூறல். பேக்கரியில் தட்டு காலி. ரடிசாவ் என் கையிலிருந்த குடையைக் காட்டி, உங்களை மாதிரி ஆட்களால்தான் இன்று பாதி போட்டேன் என்றார். நான் தயிர் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.