சோடா உப்பு டப்பா

எகிப்தின் மன்சூரா நகரில் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இன்ஷிராஹும், மேல்தளத்தில் அவள் கொழுந்தனின் மனைவி ராவியாவும் குடியிருந்தார்கள். இரண்டு சமையலறை ஜன்னல்களும் வீட்டின் நடுவே காற்றுக்காக விட்டிருந்த ஒரே திறப்பைப் பார்த்துத் திறந்திருந்ததால், மேலே ஸ்பூன் விழுந்தாலும் கீழே கேட்கும்.

அன்று கேட்டது பஸந்தின் சிரிப்பு. பஸந்த் இன்ஷிராஹின் ஒரே மகள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

"சித்தி, நெய் உருகினா?"

"ஆறினா என்னவாகும்?"

"திரும்ப உறைஞ்சிடும். அப்போ இயற்பியல் மாற்றம்!"

"முட்டை வெந்தா?"

"திரும்பப் பச்சை முட்டை ஆகாதே. வேதியியல் மாற்றம்!"

"அடி என் கெட்டிக்காரி!"

கீழே முலூகியா கீரையை நறுக்கிக்கொண்டிருந்த இன்ஷிராஹுக்கு வயிறு எரிந்தது. பதினொரு வருஷமாக இந்தக் கையால் சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். நெய் உருகுவதும் முட்டை வேகுவதும் அவளுக்குத் தெரியாதா? மருந்தியல் படித்துவிட்டு வந்த ஒருத்தி ரெண்டு பெயர் சொல்லிக் கொடுத்ததும் பெண் மாடியே கதி என்று கிடக்கிறாள்.

"எங்கிட்ட கேக்கக் கூடாதாடி?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"உனக்குச் சமைக்கத்தானேம்மா தெரியும்" என்றாள் பஸந்த், சாதாரணமாக.

அதுதான் குத்தியது.

மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. வினிகரில் சோடா உப்பைப் போட்டு நுரை பொங்க வைப்பது ராவியாவின் ஏற்பாடு. காலையில் பஸந்த் தலை பின்னிக்கொள்ளக் கண்ணாடியைத் தேடிப் போயிருந்தபோது, பையில் இருந்த டப்பாவை எடுத்து, சோடா உப்பைக் கொட்டிவிட்டு இன்ஷிராஹ் சோள மாவை நிரப்பினாள். ராவியாவின் மூக்கு உடைய வேண்டும், அவ்வளவுதான். மேசைக்குப் பின்னால் நிற்கப் போவது யார் என்று அவள் யோசிக்கவே இல்லை.

பள்ளியின் பெரிய கூடத்தில் தாய்மார்களோடு இன்ஷிராஹும் ராவியாவும் கூடியிருந்தார்கள். பஸந்த் சின்ன அடுப்பில் வாணலியை வைத்து நெய்யை உருக்கினாள். அதைக் கிண்ணத்தில் ஊற்றி, பனிக்கட்டியில் வைத்து உறைய வைத்தும் காட்டினாள். கைதட்டல். பிறகு வினிகரில் வெள்ளைப் பொடியைக் கொட்டினாள். பொடி அடியில் போய்ப் படிந்தது. இன்னும் கொட்டினாள். ஒன்றும் இல்லை.

"உன் சோடா தூங்குதா?" என்றாள் ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். பஸந்தின் உதடு துடித்தது. அவள் சித்தியைத் தேடவில்லை. நேராக அம்மாவைத்தான் பார்த்தாள்.

இன்ஷிராஹ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். ஆசிரியைகளின் தேநீர்த் தட்டிலிருந்த சர்க்கரையை அள்ளி, அடுப்பை மூட்டி வாணலியில் போட்டாள். "இதச் சொல்லுடி. தினமும் பாக்கிறதுதானே?" சர்க்கரை உருகிப் பொன்னிறமாகி, கறுத்து, புகைந்தது. பஸந்த் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சர்க்கரையத் தண்ணில கரைச்சா, தண்ணிய வத்த விட்டு சர்க்கரைய எடுத்துடலாம். இத எடுக்க முடியாது. நிறம், வாசனை, ருசி எல்லாமே வேற. இது வேதியியல் மாற்றம்." இந்த முறை கைதட்டல் பலமாக இருந்தது.

திரும்பும் வழியில் பஸந்த் தோழிகளோடு முன்னால் நடந்தாள். ராவியா டப்பாவைத் திறந்து, பொடியை விரல்களுக்கிடையே அழுத்திப் பார்த்தாள். நறநறத்தது.

"சோள மாவு" என்றாள்.

"நான்தான் மாத்தினேன்."

"எம்மேல கோவம்னா எங்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே அக்கா. பச்சப்புள்ளய ஏன் நடுக்கூடத்துல நிறுத்தினீங்க?"

"உன்னத்தான் நிறுத்தறதா நெனச்சேன். அவ உங்கிட்ட சிரிக்கிற மாதிரி எங்கிட்ட சிரிக்கிறதில்ல."

ராவியா டப்பாவை அழுத்தி மூடினாள். அவள் முகம் சிவந்திருந்தது. "நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லணும்."

அன்று மாலையே இன்ஷிராஹ் மகளிடம் சொன்னாள். இரண்டு நாள் பஸந்த் அவளோடு பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தனியாகச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் நோட்டுப் புத்தகத்தோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஊறுகாய் எந்த மாற்றம்?"

இன்ஷிராஹ் யோசித்துப் பார்த்தாள். ஊறவைத்த டர்னிப் கிழங்கு புளிப்பது தெரியும். உப்புத் தண்ணீர் கலங்குவது தெரியும். பெயர்தான் உறுதியாகத் தெரியவில்லை.

"மேல போய்க் கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு" என்றாள்.

பஸந்த் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை நேரமும் இன்ஷிராஹ் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.